ஃபிட்ஸ்ராய் என்று சொன்னேன்

மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எந்த ஊர், குளிர் பழகிவிட்டதா என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. காபி மெஷின் பக்கத்தில் நின்றவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நீங்க எந்த டீம்?" கிரிக்கெட்டைக் கேட்கிறார் என்று நினைத்து சென்னை என்றேன். அவர் சிரித்துவிட்டு "ஃபூட்டி" என்றார். ஆஸ்திரேலியன் ஃபுட்பாலுக்கு இங்கே அதுதான் செல்லப் பெயர். இந்த ஊரில் ஆளுக்கு ஒரு ராசி மாதிரி ஆளுக்கு ஒரு டீம். பெரும்பாலும் அப்பா வழியில் வருவது. நான் டீம் இல்லாத அநாதை.

ஆட்டம் பிடிபட ஒரு குளிர்காலம் ஆனது. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. ஓரமாகப் போனால் 1 புள்ளி. குறி தப்பினாலும் ஏதோ கொடுத்து அனுப்புகிறார்களே, அந்தத் தாராளம் எனக்குப் பிடித்திருந்தது.

வாடகைக்கு வீடு கிடைத்தது மெல்பர்னின் தார்ன்பரி பகுதியில். பக்கத்தில் ஒரு மைதானம், சர் டக் நிக்கல்ஸ் பெயரில். 'சர்' என்று இருந்ததால் ஏதோ வெள்ளைக்காரத் துரை என்று நினைத்துக்கொண்டு பல மாதம் அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து திருத்தினார். "துரையா? அவர் இந்த மண்ணின் ஆள். எங்க ஃபிட்ஸ்ராய் டீமுக்கு விளையாடியவர்."

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். டக் நிக்கல்ஸ் பிறந்தது 1906இல், மரே ஆற்றங்கரையில் கம்மராகஞ்சா என்ற பூர்வகுடிக் குடியிருப்பில். யோர்ட்டா யோர்ட்டா இனத்தவர். அங்கே பள்ளி நடத்திய தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், மொரீசியஸில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். அவருக்குத் தமிழ் வேர் என்று எழுதுபவர்களும் உண்டு. அதைப் படித்த அன்று ராத்திரி ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன்.

டக்குக்கு எட்டு வயதாக இருக்கும்போது, பதினாறு வயது அக்காவைப் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. பூர்வகுடிப் பெண் பிள்ளைகளை வீட்டு வேலைக்குப் பழக்கும் கூட்டமண்ட்ரா விடுதிக்கு. பையன் பார்த்துக்கொண்டே நின்றான். பதின்ம வயதிலேயே ஆட்டுப் பண்ணைகளில் வேலை. மயிர் வெட்டும்போது காயம்படும் ஆடுகளுக்குத் தார் தடவும் எடுபிடி.

உயரம் 5 அடி 2 அங்குலம். ஆறடி ஆட்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பந்து பிடிக்கிற ஆட்டம் இது. இவரிடம் இருந்ததெல்லாம் கால் வேகம். 1927இல் கார்ல்டன் கிளப்புக்கு முயற்சி செய்யப் போனார். ஆட்டத்துக்கு முன்னால் வீரர்களின் காலில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட ஆள் உண்டு. இவர் காலைத் தொட மறுத்துவிட்டார்கள். காரணம் தோல் நிறம். தொடமாட்டேன் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

கார்ல்டன் விட்டதை நார்த்கோட் கிளப் பிடித்துக்கொண்டது. 1929இல் நார்த்கோட் கோப்பை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். அதே வருஷம் நாயா, வாராக்னபீல் என்ற இரண்டு ஊர்களின் 'கிஃப்ட்' ஓட்டப் பந்தயங்களையும் ஜெயித்தார். கிஃப்ட் என்றால் பணப் பரிசுக்கு ஓடுவது. கெட்டிக்காரனைப் பின்னால் நிறுத்தி, சுமாரானவனுக்குச் சில கெஜம் முன்னால் இடம் கொடுத்து ஓடவிடுவார்கள். சுற்றி நின்று பந்தயம் கட்டுவார்கள். நம்மூர் ரேக்ளாவில் மாட்டுக்குப் பதில் மனிதன் என்று வைத்துக்கொள்ளலாம். கூடாரம் போட்டு ஊர் ஊராகப் போகும் ஜிம்மி ஷார்மன் குழுவில் குத்துச்சண்டையும் போட்டிருக்கிறார்.

1932இல் ஃபிட்ஸ்ராய். உடை மாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம் ஹேடன் பண்டன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் உடையை மாற்றிக்கொண்டார். பண்டன் பேச்சு ஏதும் பேசியதாக நான் படிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்த கிளப்புக்கு 54 ஆட்டம். 1935இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1939இல் கம்மராகஞ்சா மக்கள், நிர்வாகத்தின் கொடுமை தாங்காமல் ஆற்றைக் கடந்து விக்டோரியாவுக்கு வெளியேறினார்கள். அப்படி வந்தவர்களில் பலர் மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் பகுதியில் தங்கினார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே புலம்பெயர்ந்தவர்கள். அவர்களுக்காக கோர் தெரு தேவாலயத்தில் நிக்கல்ஸ் பாஸ்டராக இருந்தார். 1972இல் சர் பட்டம், 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். உடல்நலம் கெட்டதால் சில மாதங்களிலேயே விலகிவிட்டார். 1988இல் இறந்தபோது கம்மராகஞ்சாவிலேயே அடக்கம்.

நான் வேலைக்குப் போகும் 86ஆம் நம்பர் ட்ராம் நார்த்கோட் வழியாகத்தான் போகிறது. கெர்ட்ரூட் தெருவில் வரும்போது கோர் தெருவைத் தாண்டுகிறது. அப்புறம் பார்லிமெண்ட் பூங்கா, அங்கே அவரும் மனைவி கிளாடிஸும் சிலையாக நிற்கிறார்கள். முன்பெல்லாம் அந்த வழி முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

போன மே மாதம், பூர்வகுடி ஓவியங்கள் போட்ட ஜெர்சிகளோடு டீம்கள் ஆடும் சர் டக் நிக்கல்ஸ் சுற்று வந்தது. காபி மெஷின்காரர் மறுபடி கேட்டார். ஃபிட்ஸ்ராய் என்று சொன்னேன். "அது 1996லேயே பிரிஸ்பேன் டீமோடு சேர்ந்துபோச்சே, இனி நீங்க பிரிஸ்பேன்தான்" என்றார்.

சாயங்காலம் பெரியவரிடம் இதைச் சொன்னேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"பிரிஸ்பேன் இங்கேயிருந்து 1,700 கிலோமீட்டர்" என்றார்.