நீரிழிவுச் சிகிச்சைக்குத் திரும்பிப் போனபோது பட்டவை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவந்த நீரிழிவு மருத்துவரிடம் பதினொரு மாதங்கள் போகாமல் இருந்துவிட்டு மறுபடியும் சிகிச்சையில் சேர எனக்கு ஆறு நடை பிடித்தது. அவற்றில் இரண்டு முழுக்க வீண். இதைப் படிக்கும் ஒருவருக்கு ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தடவை தவறியதற்குக் காரணம் சாதாரணமானதுதான். பணி நேரம் மாறியது. தேதியை மாற்றிக் கேட்க அரை மணி நேரம் தொலைபேசியில் முயன்றும் யாரும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த வாரம் மாதமாயிற்று. பழைய சீட்டைக் காட்டிப் பொது மருத்துவர் ஒருவரிடம் அவ்வப்போது மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டேனே தவிர, எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை. நாள் கூடக் கூட, "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்?" என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற தயக்கமும் கூடிக்கொண்டே போயிற்று. உண்மையைச் சொன்னால், பிந்தைய மாதங்களில் என்னைத் தடுத்தது வேலையன்று, அந்தத் தயக்கம்தான்.

ஒருநாள் மாலை காலுறையைக் கழற்றும்போது குதிகால் பக்கம் நகத்தளவு ஈரக்கறை தெரிந்தது. கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. நாள் முழுவதும் அந்தக் காலோடு நடந்திருக்கிறேன், வலியே தெரியவில்லை. மறுநாள் காலை மருத்துவமனைக் கவுன்ட்டரில் நின்றேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து இரண்டு தேதிகளுக்கு வராததால் என் பெயர் தொடர் சிகிச்சைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்றும், புதிய நோயாளியைப்போலப் பரிந்துரைக் கடிதத்தோடு வர வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு யாரும் தகவல் தரவில்லையே என்று கேட்டேன். "மூன்று தடவை குறுஞ்செய்தி போயிருக்கிறது" என்றார். போயிருக்கிறது, நான் எப்போதோ கைவிட்டுவிட்ட பழைய எண்ணுக்கு! எண்ணை அங்கேயே மாற்றச் சொல்லி, மாற்றிய பின் என் கைபேசிக்கு ஒரு சோதனைச் செய்தி வரும்வரை நகராமல் நின்றேன். அந்த நடையில் கிடைத்த ஒரே பலன் அதுதான். எண் மாறியவர்கள் எல்லோரும் இதை இன்றே சரிபார்த்துவிடுங்கள்.

கடிதம் ஒரே நாளில் கிடைத்தது. ஆய்வகத்தில்தான் அடுத்த தடங்கல். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாப்பிட்டு வந்தேன் என்றதும் அங்கிருந்த பணியாளர் சீட்டையே திருப்பிக் கொடுத்து, நாளை வரச் சொல்லிவிட்டார். பின்னால் செவிலியர் சொல்லித்தான் தெரிந்தது: சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. சிறுநீரகப் பாதிப்பை அறியச் சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தைப் பார்ப்பதற்கும் அப்படித்தான். அன்றே அவ்விரண்டையும் முடித்திருக்கலாம். ஆகவே, சீட்டில் உள்ளவற்றில் எவற்றை இப்போதே செய்ய முடியும் என்று கேட்காமல் அங்கிருந்து திரும்பாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது என் தவறு. மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை சாப்பிட்டேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை 138 மில்லிகிராம் என்று ஓரளவு ஒழுங்காகவே வந்தது. ஹெச்பிஏ1சி மட்டும் 9.6 சதவீதம், அதாவது சராசரியாக ஏறத்தாழ 229. இந்தச் சோதனை அளப்பது இரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை; அவற்றின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு அந்த எண்ணில் பதிந்திருக்கிறது. இரண்டு வார ஒழுங்கால் அதை மறைக்க முடியாது. இரண்டு எண்களும் பொருந்தாததைக் கவனித்த மருத்துவர், "மாத்திரை ஏதாவது விட்டுப்போகிறதா?" என்று கேட்டார். எப்போதாவது ஒன்றிரண்டு என்றேன். காலை மாத்திரையான கிளிமிபிரைட் வாரத்தில் மூன்று நாளாவது தவறும், இரவு மாத்திரையான மெட்ஃபார்மினை அநேகமாகத் தொடுவதே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டும் சர்க்கரை கட்டுப்படவில்லை என்று நம்பி, அவர் கிளிமிபிரைடை 1 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராமாக உயர்த்தினார்.

நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற உறுதியோடு அனைத்தையும் விழுங்கினேன். ஐந்தாம் நாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று. முதலில் கை நடுங்கியது, பிறகு கழுத்தெல்லாம் வியர்த்தது, எதிரில் இருந்தவர் பேசியது காதில் விழுந்தும் பொருள் பிடிபடவில்லை. மீட்டரில் 58 காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. குளுக்கோஸ் 15 கிராம் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துப் பார்த்தபோது 81. அந்தக் கால் மணி நேரத்தைப்போல் நீளமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

மறுநாளே போய் உண்மையைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த கண்டிப்பு வரவில்லை. "இரவு மாத்திரையை ஏன் விடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அதைச் சாப்பிட்டால் வயிறு கலங்குகிறது என்றேன். ஆறு ஆண்டுகளாக நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது. மெட்ஃபார்மினில் பலருக்கும் இது வரும் என்றார். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டோடு விழுங்கச் சொன்னார், நசுக்கவோ மெல்லவோ கூடாது என்று அழுத்திச் சொன்னார். கிளிமிபிரைட் பழைய அளவுக்கே வந்தது. ஒரு நிமிடத்தில் தீர்ந்த இந்தச் சிக்கலுக்காகவா இத்தனை நாள் மாத்திரையை ஒளித்து வாழ்ந்தேன் என்று வெளியே வந்து நின்றபோது எனக்கு அழுகை வந்தது. மருந்தைச் சரியாக எடுத்துக்கொள்ள முடியாமல் போவது அரிதான குற்றமும் அன்று: நீண்ட கால நோய்களில், வளர்ந்த நாடுகளில்கூட ஏறத்தாழப் பாதிப்பேர்தான் சிகிச்சையை உரியபடி பின்பற்றுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. இதை முன்பே அறிந்திருந்தால் எனக்கு வாய் திறந்திருக்கும்.

அதே நாளில் கால் பரிசோதனையும் நடந்தது. செவிலியர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொடும்போதெல்லாம் "தெரிகிறது" என்று சொல்லச் சொன்னார். வலது காலில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு அமைதியாக இருந்தது. இடது காலைத் தொடங்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறக்கச் சொன்னார். இடது பெருவிரலையும் அதன் அடிப்பகுதியையும் அதற்குள் தொட்டு முடித்திருந்தார்.

கண் பரிசோதனைக்கு நானே வண்டி ஓட்டிப் போனது இன்னொரு பிழை. விழித்திரையைப் பார்க்க மருந்து விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். துணைக்கு ஆள் வேண்டும். ஆரம்பநிலைச் சிறு கசிவுகள் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் பார்வையில் ஒரு குறையும் தோன்றியிருக்கவில்லை, நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்குமாம். சிறுநீரில் அல்புமின் சற்றே கூடியிருந்தது. காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோகூட அதைக் கூட்டும் என்பதால் ஒரு முறை பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள், மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது நான் கவுன்ட்டரை விட்டு நகரும்முன் அடுத்த தேதியை எழுதி வாங்கிவிடுகிறேன். அந்தத் தேதிக்குப் பின்னும் பத்து நாள் வருமளவுக்கு மாத்திரை எழுதித் தரச் சொல்கிறேன். வர முடியாமல் போனால் அழைக்க வேண்டிய நேரடி எண்ணையும், காலையில் எந்த நேரத்தில் எடுப்பார்கள் என்பதையும் கேட்டு வைத்திருக்கிறேன். விட்டுப்போன வேளைகளை நாட்காட்டியில் வட்டமிட்டு, அதை அப்படியே மருத்துவரிடம் நீட்டுகிறேன். கடந்த முறை மூன்று மாதத்தில் ஒன்பது வட்டங்கள் இருந்தன, ஹெச்பிஏ1சி 7.7. குதிகால் புண் ஆறிவிட்டது. இடது பெருவிரலில் இழை பட்டது இம்முறையும் தெரியவில்லை.