லஃபாயெட்டில் ஒரு சட்டி பீன்ஸ்

நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே கிளம்பினால் சீக்கிரமே லாப்ளாஸ் வந்துவிடும். உலகத்தின் ஆன்டூயி தலைநகரம் என்று தானே பட்டம் சூட்டிக்கொண்ட ஊர். ஆன்டூயி என்பது, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கேஜன் மக்களின் சமையலுக்கு உயிரான சாசேஜ். பன்றி இறைச்சியை மாவாக அரைக்காமல் துண்டு துண்டாகவே விட்டு, பூண்டு, மிளகு, கயென் மிளகாய் சேர்த்துக் குடலில் அடைத்து, மணிக்கணக்கில் விறகுப் புகையில் தொங்கவிடுகிறார்கள். நாங்கள் வாங்கிய பொட்டலம் பின் சீட்டில் இருந்துகொண்டே வழியெல்லாம் பசியைக் கிளப்பியது.

அப்புறம் அட்சாஃபலாயா சதுப்புநிலம். அதன் மேல் சுமார் 29 கிலோமீட்டருக்குப் பாலம், இருபுறமும் தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். 1755 முதல் பிரிட்டிஷார் கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கமிருந்து விரட்டிய, பிரெஞ்சு வம்சாவளியினரான அகேடியர்களில் பலர், வருடக்கணக்கில் அலைந்துவிட்டுக் குடியேறிய பூமி இது. கேஜன்கள் அவர்களின் வழி வந்தவர்கள்.

லஃபாயெட்டில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மாவும் கேஜன்தான். பையில் ஆன்டூயியைப் பார்த்ததும், ராத்திரியே வெள்ளை பீன்ஸை ஊறப்போடச் சொல்லிவிட்டார். இனிப்பு சேர்த்து ஓவனில் வைக்கும் பீன்ஸ் உண்மையில் பாஸ்டன் பக்கத்துச் சாப்பாடு. அங்கே மொலாசஸும் (சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கறுத்த பாகு) உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். இவர் கையில் அது வேறு ஆளாகிவிட்டது.

மறுநாள் பீன்ஸை முதலில் தண்ணீரிலேயே நன்றாக வேகவைத்தார். இனிப்பும் புளிப்பும் முன்னாலேயே சேர்ந்துவிட்டால் தோல் இறுகிப்போய் எவ்வளவு நேரமானாலும் வேகாதாம். விரலால் அழுத்தினால் மசிகிறது என்றான பிறகுதான் மற்ற வேலை.

கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் எண்ணெயே விடாமல் சாசேஜ் வில்லைகளைப் போட்டார். கொழுப்பு உருகி, ஓரங்கள் கருஞ்சிவப்பானதும் எடுத்துவைத்துவிட்டு, அதே கொழுப்பில் வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய். இந்த மூன்றுக்கும் அங்கே ‘புனித மும்மை’ என்று பெயர்; பாதி கேஜன் சமையல் இதில்தான் தொடங்குகிறது. வெங்காயம் நிறம் மாறும்வரை அவசரப்படவே இல்லை. பிறகு பூண்டு, தைம் இலை, ஒரு கரண்டி கடுகு விழுது, கொஞ்சம் தக்காளி. இனிப்புக்குக் கரும்புப் பாகு. பக்கத்து அபவில் ஊரில் 1910 முதல் காய்ச்சுகிற ஸ்டீன்ஸ் பாகு, மஞ்சள் டின்னில் வரும். மொலாசஸின் கசப்பு இதில் குறைவு. எனக்கு இதுதான் பொருத்தமாகப் பட்டது.

பீன்ஸையும் அது வெந்த தண்ணீரையும் ஊற்றி, சாசேஜைத் திரும்பப் போட்டு, மூடி, 160 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒன்றரை மணி நேரம். கடைசி அரைமணிக்கு மூடியைத் திறந்துவிட்டால் மேலே பளபளவென்று ஏடு கட்டும்.

கேஜன் காரம் என்றால் நாக்கு எரியும் என்று நினைத்துப் போகாதீர்கள். நம் வாய்க்கு அது ஒரு காரமே இல்லை. மிளகும் கயெனும் தொண்டையில் மெதுவாக உறைக்கும், அவ்வளவுதான். புகைதான் இதில் ராஜா. அது பீன்ஸுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. ஆன்டூயி கிடைக்காத ஊரில் செய்தால் புகையூட்டிய கில்பாசா என்ற போலந்துச் சாசேஜைப் போடலாம், கயெனைக் கூட்டிக்கொண்டு. புகை காட்டாத சாதா சாசேஜ் மட்டும் வேண்டாம்.