கேட்டதற்கு மட்டும் பதில்

வேலை விசாவுக்கு நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் தேவையா என்று அந்த விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. தேவை என்று போட்டிருப்போம், விஷயம் முடிந்திருக்கும். அந்தச் சட்ட நிறுவனம் அப்படிக் கேட்கவில்லை. பிரிட்டனில் வேலை பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? ஆம் அல்லது இல்லை. அதன் கீழே, விருப்பமிருந்தால் விவரம் எழுத ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

என்னிடம் ஜூனியராக இருந்துவிட்டு, லோன் போட்டு அங்கே எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்பு படிக்கப் போன பெண் அவள். நானும் அதே படிப்பைப் படித்துத் திரும்பியவன் என்பதால், டிரெய்னி, அதாவது பயிற்சி வக்கீல் வேலைக்கு விண்ணப்பம் போடும்போதெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வாள். அன்று ராத்திரி வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டு, திரையைப் பகிர்ந்து காட்டினாள். கெடு முடியச் சற்று நேரமே இருந்தது. மதுரை சட்டக் கல்லூரியில் வாங்கிய மார்க்கை ஒவ்வொரு பாடமாக ஏற்றி முடித்திருந்தாள். நம் பல்கலைக்கழகத்தில் ஐம்பத்தெட்டு வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. அதையெல்லாம் தாண்டி வந்து, இந்த ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள்.

"சார், இப்ப எனக்கு வேலை பார்க்க உரிமை இருக்கு. ஆமான்னு போட்டா அது பொய்யா?"

"பொய் இல்லம்மா."

"அப்ப கீழ இருக்கிற பெட்டிய காலியா விட்டுரவா?"

"விசா என்னைக்கு முடியுதுன்னு எழுதிரு. அதுக்கப்புறம் ஸ்பான்சர் வேணும்னும் எழுதிரு."

"எழுதுனா அதோட தூக்கிப் போட்டுருவாங்க சார்."

"எழுதும்மா."

எழுதினாள். மறுநாளே மெயில் வந்துவிட்டது. வழக்கமாக எல்லோருக்கும் அனுப்பும் ஆன்லைன் தேர்வு லிங்க் கூட அவளுக்கு வரவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், அங்குள்ள பெரிய நிறுவனங்கள் டிரெய்னிகளை இரண்டு வருடம் முன்கூட்டியே எடுத்துவிடுகின்றன. இன்றைக்கு ஆஃபர் வந்தால் சேருவது இரண்டு வருடம் கழித்து. பயிற்சி அதற்கு மேல் இரண்டு வருடம். படித்து முடித்த வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்கும் கிராஜுவேட் விசாவோ மொத்தமே இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதையும் 18 மாதமாகக் குறைக்கிறார்கள். ஆக, கேள்வி கேட்கிற நாளில் உரிமை இருக்கும், வேலையில் சேருகிற நாளில் இருக்காது. அவள் 'ஆம்' என்று மட்டும் போட்டிருந்தால் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. படிக்கிறவர் மனதில் உண்டாகும் எண்ணம்தான் தவறாக இருந்திருக்கும்.

நான் சொன்னதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரை பெஞ்சில் ரிட் மனு போடுகிறவர்களுக்கு இது முதல் பாடம். முக்கியமான சங்கதியை மறைத்து மனு போட்டால், கேஸ் எவ்வளவு நல்ல கேஸாக இருந்தாலும் அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடியாகும். முந்தைய மனு நிலுவையில் இருப்பதைச் சொல்லாமல் விட்டு, நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டனிலும் சொலிசிட்டராக, அதாவது வக்கீலாகச் சேர்க்கும் முன் குணமும் தகுதியும் பார்க்கிறார்கள். அதற்கென்றே 2019லிருந்து தனி விதிகள் இருக்கின்றன. நேர்மையில் ஒரு கேள்வி எழுந்தால், எழுதிய பரீட்சையெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, சேர்க்கையே நின்றுபோகலாம். வக்கீலாகப் போகிற பெண்ணின் முதல் காகிதத்திலேயே அப்படி ஒரு முடிச்சு விழக்கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் இதே நான்தான் குறுக்கு விசாரணைக்கு முன்னால் சாட்சியை ஒத்தக்கடை டீக்கடையில் உட்கார வைத்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கய்யா, கேட்காததை நீங்களா எடுத்துக் கொடுக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்கிறவன். அதில் எந்தத் தவறும் இல்லை, எல்லா வக்கீலும் சொல்வதுதான். அப்படியானால் அந்தப் படிவம் சத்தியப் பிரமாணப் பத்திரமா, சாட்சிக் கூண்டா? பிரமாணப் பத்திரம் என்றால் நான் சொன்னது சரி. கூண்டு என்றால், கேட்காத கேள்விக்கு என் சாட்சியை நானே பதில் சொல்ல வைத்திருக்கிறேன். எத்தனையோ முறை யோசித்தாயிற்று, இன்னும் ஒரு பக்கமாகச் சாயவில்லை.

அவளுடைய அப்பா மேலூரிலிருந்து வருவார். வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. "வக்கீல் சார், பாப்பாவுக்கு இன்னும் ஆர்டர் வரலையா?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. வெளிநாட்டு ஆளை எடுக்க அங்கே கம்பெனி லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்று விளக்கினேன். "வேலைக்கு ஆள் எடுக்கக் கம்பெனிக்கு லைசென்ஸா?" என்றார். ஆமாம், அரசாங்கமே அந்தப் பட்டியலை இணையத்தில் போட்டிருக்கிறது. அதில் இல்லாத நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடுவதில் பயனில்லை. பட்டியலில் இருந்தாலும் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்ட வேண்டும். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவான வரம்பு 2024 ஏப்ரலில் ஒரேயடியாக 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கு ஏறியது. 2025 ஜூலையில் 41,700. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சலுகை உண்டு, அதுவும் 33,400. ஊர்ப்புறத்துச் சின்ன ஆபீஸ்கள் டிரெய்னிக்கு அவ்வளவு கொடுப்பதில்லை. 2014லிருந்து டிரெய்னிக்கென்று தனிக் குறைந்தபட்சச் சம்பளமும் கிடையாது, நாட்டின் பொதுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதும். ஆகவே நம் பிள்ளைகளுக்குப் பெரிய நிறுவனங்கள்தான் கதி, அங்கேதான் போட்டியும் கழுத்தை நெரிக்கிறது.

அந்தச் சலுகையிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கிராஜுவேட் விசாவில் இருந்த காலத்தையும் சேர்த்து நான்கு வருடத்துக்கு மேல் அதைப் பயன்படுத்த முடியாது. இரண்டு வருடம் கிராஜுவேட் விசா, இரண்டு வருடம் பயிற்சி, தீர்ந்தது. பயிற்சி முடிகிற அன்றே முழுச் சம்பளத்துக்கு யாராவது எடுத்தாக வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? "முயற்சி பண்ணிட்டு இருக்குய்யா" என்றேன்.

சட்டம் அவள் பக்கம் கொஞ்சமாவது இல்லையா என்றால், இருந்தது. ஒர்க் பெர்மிட் தேவைப்படும் என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இந்திய மாணவரின் டிரெய்னி விண்ணப்பத்தை ஒரு நிறுவனம் ஆரம்பத்திலேயே ஒதுக்கியது. அது மறைமுகப் பாகுபாடு என்ற முடிவை 2009இல் அங்குள்ள வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை அவளுக்கு அனுப்பினேன். "படிச்சேன் சார், நல்ல தீர்ப்பு" என்று பதில் போட்டாள். விசா ஓடிக்கொண்டிருக்கும்போது, மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட்டு, பெட்டியில் எழுதியதால்தான் தள்ளினார்கள் என்று நிரூபித்து, பிறகு அதே ஊரில் அதே தொழிலில் எப்படி வேலை தேடுவாள்? அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

என்னை உறுத்துவது வேறு. அவளோடு படித்த பையன் ஒருவன் அதே நிறுவனத்துக்கு விண்ணப்பித்தான். விசா நிலவரமும் அதேதான். பெட்டியைக் காலியாக விட்டான். இன்டர்வியூவில் அவர்களுக்கு அவனைப் பிடித்துப்போய், அதற்குப் பிறகு விசா விஷயத்தைச் சொல்ல, அவர்களே ஸ்பான்சர் செய்துவிட்டார்கள். யாரும் அவனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. இதைச் சொன்னபோது அவள் குரலில் குறை எதுவும் இல்லை. ஒரு செய்தியாகத்தான் சொன்னாள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது என்று எனக்கே தெரியும். அவன் மார்க் வேறு, பட்டம் வாங்கிய இடம் வேறு. பெட்டியில் எதுவுமே எழுதாமல் இருந்திருந்தாலும் அவளை மறுநாளே கழித்திருக்கலாம். விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் வரும் இடம். ஆனாலும், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லப்படும் உண்மையும் ஆளைப் பார்த்த பிறகு சொல்லப்படும் உண்மையும் ஒரே எடை இல்லை என்பதை அந்தப் பையன் புரிந்துகொண்டிருந்தான். அவளிடம் "எழுதும்மா" என்றபோது எனக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படவில்லை. அவள் இப்போது ஊருக்கே வந்துவிட்டாள். பெஞ்சில் சர்வீஸ் கேஸ்கள் பார்க்கிறாள், நன்றாகவே ஆர்க்யூ பண்ணுகிறாள். லோன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போன மாதம் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான், கடைசி வருடம் படிக்கிறான். லோன் போடுவதற்கு முன்பே கேட்க வந்தது எனக்குச் சந்தோஷம். முதலில் இங்கே என்ரோல் பண்ணு, பார் எக்ஸாமையும் முடி என்றேன். சொலிசிட்டராக அங்கே 2021இல் வந்த எஸ்.க்யூ.இ. என்ற தகுதித் தேர்வு முறையில், வேறு நாட்டில் வக்கீலாகத் தகுதி பெற்றவருக்கு அந்த இரண்டு வருடப் பயிற்சியே கட்டாயமில்லை. முதல் கட்டத் தேர்வை வெளிநாட்டு மையங்களிலும் எழுதலாம். தேர்வுக் கட்டணமே 4,500 பவுண்டுக்கு மேல், ஆனால் ஒரு வருட எல்.எல்.எம். செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகை. சொலிசிட்டர் தகுதி கைக்கு வந்தாலும் விசாவுக்கு ஸ்பான்சர் வேண்டும், அதில் மாற்றமில்லை என்பதையும் சொன்னேன்.

எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டவன் கடைசியில், "அந்த மாதிரி பெட்டி வந்தா என்ன சார் எழுதறது?" என்றான்.

படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் அவர்களுடைய ஆள் எடுக்கும் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டு, டிரெய்னிகளுக்கு ஸ்பான்சர் செய்வீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள் என்றேன். பாதுகாப்பான யோசனை என்றுதான் தோன்றியது.

"அந்த மெயில்ல என் பேர் இருக்குமே சார்" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். வருகிற சனிக்கிழமை திரும்ப வருகிறான். அவளையும் அன்று ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு என்ன சொல்லலாம் என்று அவளிடமே கேட்க வேண்டும்.