களிப் பக்கத்து வால்வு

சோயா வயலில் களிமண் பக்கத்துப் பாசன வால்வை அன்று நான் திறக்க விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது, இன்றைக்கும் அது சரியான காரணம் என்றே சொல்வேன். ஆனாலும் வயலில் தினமும் நடக்கும் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை.

மலேசியாவில் பூச்சோங் பக்கம் பழைய ஈயலம்ப நிலத்தில், அதாவது ஈயச் சுரங்கம் இருந்த நிலத்தில், பயிர் வைத்தவர்களுக்குத் தெரியும், ஒரே பாத்தியில் ஒரு முனை மணல், மறுமுனை களி. ஈயம் கழுவிய காலத்தில் மணல் கிட்டேயே தங்கிவிட்டது, நுண்மண் தண்ணீரோடு ஓடிப் பள்ளத்தில் படிந்தது. மணலில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு 80 மில்லிமீட்டர் தண்ணீர் செடிக்குக் கிடைத்தாலே பெரிது, களியில் அதைப்போல இரண்டு மடங்கு நிற்கும். சோயாவோ நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் குடிக்கும். அதனால் மணலுக்கு அடிக்கடி கொஞ்சம், களிக்கு எப்போதாவது, அதுவும் மாலை இடிமழைக்கு மண்ணில் இடம் விட்டுத்தான். களியை நிரப்பி வைத்துவிட்டு அதன்மேல் மழையும் கொட்டினால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் முடிச்சுகள் தழைச்சத்து சேர்ப்பது குறைந்து இலை மஞ்சளாகிவிடும்.

அது விதை பருக்கும் சமயம். இளஞ்செடி வாடினால் பிறகு தேறிக்கொள்ளும், பூ கொட்டினாலும் மறுபடி பூக்கும், விதை பருக்கும்போது தண்ணீர் குறைந்தால் மட்டும் போனது போனதுதான். நண்பகலில் களிப் பக்கம் இலைகள் தொங்கின. "தம்பி, திறந்து விடவா? செடி வாடுது" என்றார் அண்ணன். நான் மண்ணின் ஈரத்தைக் காட்டும் டென்சியோமீட்டரைக் காட்டினேன், முள் ஏற ஏற மண் காய்கிறது என்று அர்த்தம்: 15 சென்டிபார், களியில் 50 வரை கவலையே இல்லை. தோண்டியும் பார்த்தேன், மண்ணை உருட்டினால் திரியாக நீண்டது. நீர் தேங்கி வேர் திணறினாலும் இலை இப்படித்தான் தொங்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க தோண்டினது அங்க. வாடுறது இங்க."

சரி அண்ணே, சாயங்காலம் பார்ப்போம் என்றேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

அதுதான் உறுத்துகிறது. மழை இல்லாத ஊராக இருந்தால் யார் சொன்னது சரி என்று வயலே சில நாளில் காட்டியிருக்கும். இங்கே மழை வந்து இரண்டு பேர் கணக்கையும் சேர்த்து அழித்துவிட்டுப் போகிறது. திறந்திருந்தால் மழையும் சேர்ந்து வேர் அழுகியிருக்கும் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது உண்மைதான், ஆனால் மழை வரும் என்று தெரிந்தா நான் மறுத்தேன்? அறுவடையில் அந்த மூலையில் பருக்காத காய் அதிகம். வறட்சியும் அதைச் செய்யும், தேக்கமும் செய்யும்.

கருவியில் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் நட்ட இடத்தைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. களி வெடித்து அதன் பீங்கான் முனைக்கும் மண்ணுக்கும் தொடர்பு விட்டால் காற்று புகுந்து முள் இறங்கி, ஈரமாக இருப்பதாகவே காட்டும். அன்று முனை நன்றாகத்தான் ஒட்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

அண்ணன் இப்போதும் மரியாதையாகத்தான் பேசுகிறார். ஆனால் செடி வாடுது என்று வந்து சொல்வதில்லை, மீட்டர் எவ்வளவு காட்டுது என்று கேட்கிறார். அவர் தினமும் நடந்து பார்க்கும் நிலத்தை எந்த மீட்டரும் பார்ப்பதில்லை. களிக்கு இரண்டாவதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், எங்கே நடலாம் அண்ணே என்றும் கேட்டேன். "நீங்க சொல்ற இடத்துல வெச்சிடுறேன் தம்பி" என்கிறார்.