ரைலி கல்லறைகளில் ஒரு பெயர்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து பஸ் ஏறி ஈம் கிராமத்துக்குப் போனேன். 1665இல் கொள்ளைநோய் வந்தபோது, அது அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் பரவாமலிருக்கத் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட ஊர். தேவாலயத்தருகே கல் வீடுகளின் வாசலில், உள்ளே இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள். தோர்ப் குடும்பத்தில் ஒன்பது பேர். 'தோர்ப்' என்பது வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழிச் சொல், சிற்றூர் என்று பொருள். ஊரைக் குறிக்கும் சொல் குடும்பப் பெயராகிவிட்டது.

ஊருக்கு வெளியே, மேட்டில், தாழ்ந்த கல்சுவருக்குள் இருக்கின்றன ரைலி கல்லறைகள். 1666 ஆகஸ்டில் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் எலிசபெத் ஹான்காக் தன் கையாலேயே புதைத்த இடம். ஏழு பேரை! வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

ஹான்காக் என்ற பெயரை வீட்டுக்கு வந்து தேடினேன். ஜான் என்பதன் பழைய செல்லச் சுருக்கம் 'ஹான்'. 'காக்' இடைக்காலத்தில் பையன்கள் பெயரோடு ஒட்டிய கொஞ்சல் விகுதி. நம் வீட்டில் 'ஜானுக்குட்டி' என்போமே, அப்படி. யாரோ ஒரு தாய் கொஞ்சிக் கூப்பிட்டது பரம்பரைப் பெயராக நிலைத்துவிட்டது.

அப்பா பெயரின் முதலெழுத்தோடு வளர்ந்த எனக்கு, குடும்பப் பெயர் வெறும் விண்ணப்பக் கட்டமாகத்தான் இருந்தது. அந்தச் செல்லப்பெயர் அங்கே கல்லில் வெட்டியிருக்கிறது, பாசி படிந்து.