இடைவேளை வேறு, ஓய்வு வேறு: பிரிட்டன் லாரி தேர்வுக்கு நான் படித்த விதம்

தக்கலைக்கு லீவில் வந்து பத்து நாள் ஆகிறது. அதற்குள் மூன்று தம்பிமார் வீடு தேடி வந்து, பிரிட்டன் லாரி தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்ற ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டார்கள். மனைவிக்கு பிரிட்டனில் நர்ஸ் வேலை கிடைத்து, பின்னாலேயே கணவனும் போய், அங்கே கனரக லாரி ஓட்ட நினைக்கிற வீடுகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. நானும் அப்படிப் போனவன்தான். மூவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அங்கே லாரி ஓட்டிச் சம்பாதிக்க டிரைவர் சி.பி.சி. என்ற தகுதி வேண்டும். மொத்தம் நான்கு பகுதிகள். முதல் பகுதியில் 100 கேள்விகளில் 85 சரியாக வர வேண்டும். கூடவே ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோ தேர்வு ஒன்றும் உண்டு. மூன்றாவது ரோட்டில் ஓட்டிக் காட்டுவது, நான்காவது வண்டியைச் சோதித்துக் காட்டுவது. பதினொரு வருஷம் லாரி ஓட்டிய எனக்கு அவை பெரிய பாரமில்லை. காலை வாரிவிட்டது இரண்டாவது பகுதி. ஒரு டிரைவரின் வேலை நாளைக் கதை போலச் சொல்லி, அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். ஏழு கதை, 50 கேள்வி, 75 நிமிடம். 40 எடுத்தால் பாஸ். நான் எடுத்தது 38.

ஆங்கிலம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தபோது அது இல்லை என்று புரிந்தது. வண்டி நின்றுவிட்டாலே டிரைவருக்கு ஓய்வு என்கிற நம் ஊர்ப் பழக்கம் எனக்குள் ஊறிக் கிடந்தது. தார்பாய் கட்டுகிறோம், பில்லுக்குக் காத்து நிற்கிறோம், லோடு இறக்க ஒரு கை கொடுக்கிறோம். 'சும்மா நின்ற நேரம்' என்றே அதையெல்லாம் சொல்லிப் பழகிவிட்டோம். கதையில் வரும் டிரைவர் 45 நிமிடம் வண்டியை நிறுத்தி லோடு இறக்கினார் என்றால், இடைவேளை முடிந்தது என்று நான் டிக் அடித்திருப்பேன். அது இடைவேளையே இல்லை, வேலை.

டேக்கோகிராஃப் என்ற பதிவுக் கருவியில் நான்கு படங்கள் இருக்கும். ஸ்டீயரிங் என்றால் ஓட்டுகிறாய். குறுக்கே போட்ட இரண்டு சுத்தியல் என்றால் வேறு வேலை. குறுக்குக் கோடு போட்ட பெட்டி என்றால் கூப்பிட்டால் வருகிற நிலையில் காத்திருக்கிறாய். கட்டில் என்றால் ஓய்வு. கட்டில் படம் ஓடினால் மட்டும்தான் இடைவேளை. புத்தகத்தைத் திறக்கும் முன்பே இந்த நான்கையும் மனசில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டும் நேர விதி 561/2006 என்ற ஐரோப்பிய ஒழுங்குமுறையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்த பிறகும் பிரிட்டன் அதைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் 10 ஆக்கலாம். நாள் ஓய்வு 11 மணி நேரம். வாராந்திர ஓய்வு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூன்று முறை 9 ஆகக் குறைக்கலாம். இதை மனப்பாடம் செய்வது ஒரு நாள் வேலை. கதைக்குள் வைத்துக் கணக்குப் போடுவதுதான் கஷ்டம்.

அந்த வழியை எனக்குக் காட்டியது அப்பா. தோற்ற பிறகு அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் ஊருக்கு வந்திருந்தேன். அப்பாவும் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர், ரப்பர் ஷீட் லோடு அதிகம். திண்ணையில் உட்கார்ந்து நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, நீங்க மெட்ராசுக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு நாகர்கோவில்ல எடுத்தா, மறுநாள் உச்சைக்கு மெட்ராஸ் மக்கா."

ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கோடு இழுத்தோம். லாரி மணிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்தோம். ஆறுக்கு எடுத்தால் நாலரை மணி நேரம் முடிவது இரவு 10:30, விருதுநகர் பக்கம். 45 நிமிடம் நின்று 11:15க்கு எடுத்தால் அடுத்த நாலரை மணி முடிவது 3:45, திருச்சியைத் தாண்டி. ஒரு நாளைக்கான ஒன்பது மணி நேரம் தீர்ந்தது. பத்தாவது மணி நேரம் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இன்னொரு 45 நிமிடம் நிற்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். சரி, அங்கேயே படுத்து 11 மணி நேரம் ஓய்வெடுத்தால் எழும்புவது பகல் 2:45. மிச்சம் 300 கிலோமீட்டர். சென்னை சேர இரவு பத்து தாண்டும்.

அப்போது அப்பா சும்மா ஒரு வார்த்தை சொன்னார்: "லோடு ஏத்த ரெண்டு மணியில இருந்தே நான் கூட நிப்பேன்லா."

அவ்வளவுதான், போட்ட கணக்கு முழுக்க மாறிவிட்டது. நாள் ஆரம்பிப்பது வண்டியை எடுக்கும்போது இல்லை, முதல் வேலையைத் தொடும்போது. அதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஓய்வு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் பகல் 2 மணிக்குள் கிடைப்பது 10 மணி 15 நிமிடம்தான்; ஆகவே அது குறைத்த ஓய்வாகக் கணக்கில் போகும். போதாததற்கு 2005இல் வந்த வேலை நேர விதி தனியாக நிற்கிறது. எந்த வேலையானாலும் இடைவேளை இல்லாமல் சேர்ந்தாற்போல் 6 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. லோடு ஏற்றியது நாலு மணி நேரம், ஓட்டியது இரண்டு மணி நேரம். ஆக இரவு 8 மணிக்கே, திருநெல்வேலி தாண்டும்போதே நிறுத்த வேண்டும். ராத்திரி வேலை என்பதால் பொதுவாக 24 மணி நேரத்தில் 10 மணி நேர வேலைதான் என்ற வரம்பும் இருக்கிறது. லோடும் ஓட்டமும் சேர்ந்தால் 13. அப்பா பழகிய அந்தப் பயணம் அங்கே நடக்கவே நடக்காது.

நம் நாட்டிலும் 1961இலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்கள் சட்டம் வந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு, ஒரு டூட்டிக்கும் அடுத்ததுக்கும் நடுவே 9 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்த நிறுவனங்களுக்கு அது பொருந்தியது; 2025இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. கயத்தாறு பக்கம் ஒரு விடியற்காலையில் கண் அசந்து வண்டியைப் பள்ளத்தில் இறக்கிய கதையை அன்றுதான் முழுசாகச் சொன்னார். தொடர்ந்து மூன்றாவது ராத்திரியாம். எனக்கு அன்றிலிருந்து இது வெறும் தேர்வுப் பாடமாக இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 45 நிமிட இடைவேளையைப் பிரித்தால் முதலில் 15, பிறகு 30. திருப்பிப் போட்டால் செல்லாது. 'முதலில் டீ, பிறகு சாப்பாடு' என்று நான் ஞாபகம் வைத்தேன். வாரத்தில் 56 மணி ஓட்டலாம், ஆனால் இரண்டு வாரம் சேர்த்து 90தான். ஒரு வாரம் 56 ஓட்டினால் அடுத்த வாரம் 34. வார ஓய்வு 45 மணி நேரம், குறைத்தால் 24. குறைத்ததைப் பின்னால் ஈடுகட்ட வேண்டும்.

தேர்வு அறையில் கதைக்கு முன்னால் கேள்விகளைப் படியுங்கள். அப்புறம் கதையில் டூட்டி ஏறிய மணியைத் தேடுங்கள், வண்டி கிளம்பிய மணியை அல்ல. இரண்டாம் தடவை எனக்கு 46 வந்தது.

தம்பிமாருக்குக் கொடுத்த கணக்கு இது. களியக்காவிளையில் காலை 5 மணிக்கு டூட்டி. ஒன்றரை மணி நேரம் லோடு ஏற்றி 6:30க்குக் கிளம்புகிறாய். இரண்டு மணி நேரம் ஓட்டி, 20 நிமிடம் டீ குடித்து, 8:50க்கு மறுபடி எடுக்கிறாய். வண்டி 11:20க்குக் கட்டாயம் நிற்க வேண்டும். அங்கே 30 நிமிடம் போதும். 11 மணி நேர ஓய்வு முழுசாக வேண்டுமென்றால் சாயங்காலம் 6 மணிக்குள் வேலை முடிய வேண்டும். இந்த மூன்றும் ஏன் என்று தாளைப் பார்க்காமல் சொல்ல முடிந்தால், தேர்வுக்கு நாள் குறிக்கலாம்.