கேசட் முதுகில் ஒரு சின்ன ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டி சண்டே மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மகாத்மா காந்தி சாலையில் துணிக் குவியலுக்கும் பிளாஸ்டிக் குடங்களுக்கும் நடுவே ஒருவர் சாக்கு விரித்து, பழைய சார்ஜர், ரிமோட், துருப்பிடித்த டார்ச் லைட் என்று பரப்பி வைத்திருந்தார். அந்தக் குவியலுக்கு அடியில் ஒரு வாக்மேனும் கொஞ்சம் கேசட்டுகளும் கிடந்தன. வாக்மேன் மட்டும் போதும் என்றேன். "தனியா குடுக்கறதில்ல தம்பி, மொத்தமா எடுத்துக்க, இருநூத்தம்பது குடு" என்றார். பேசி இருநூறுக்கு முடிந்தது. எண்ணிப் பார்த்தால் பதினோரு கேசட். கடலூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே பார்க்கவே இல்லை, ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நல்ல வடிவமைப்பு என்றால் எனக்கு முதலில் கேசட்தான் நினைவுக்கு வரும். இது சின்ன வயது ஆசையால் சொல்வதில்லை. ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்து ஒரு கேசட்டைத் திறந்து பாருங்கள், அரைமணி நேரம் கீழே வைக்க மாட்டீர்கள்.

1963-இல் பெர்லினில் நடந்த கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி இதை முதலில் வெளியே காட்டியது. செய்த குழுவுக்குத் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சு இன்ஜினியர். அதுவரை டேப் என்றால் பெரிய பெரிய சக்கரத்தில் சுற்றிய நாடா, அதைக் கையால் இழுத்து மெஷினில் கோர்க்க வேண்டும். ஓட்டன்ஸ் முதலில் செய்தது ஒரு மரக்கட்டை. தன் கோட்டுப் பாக்கெட்டில் நுழைகிற அளவுக்கு அதை அறுத்து, மெஷின் இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டார். அந்தக் கட்டையைப் பிறகு காருக்கு டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டுக் கொடுத்துத் தொலைத்துவிட்டாராம். இன்ஜினியர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், முதலில் பாக்கெட், அப்புறம்தான் மற்றதெல்லாம். அவர் 2021-இல், 94 வயதில் காலமானார்.

அந்தப் பாக்கெட் அளவுக்காக நாடாவின் அகலத்தை 3.81 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஓர் அறுபது நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா இருக்கிறது, உள்ளங்கைக்குள். இந்தக் கணக்கைச் செய்து பார்த்தபோது நான் வாய்விட்டே "அட" என்றேன். 90 நிமிடக் கேசட் என்றால் நாடா இன்னும் மெல்லிசு, 120 என்றால் அதைவிட மெல்லிசு. அதனால்தான் 120 வாங்காதே, சிக்கிக்கொள்ளும் என்று ரெக்கார்டிங் சென்டரில் சொல்வார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு சென்டர் இருந்தது, என் சித்தப்பா இருபது பாட்டுகளை ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பாட்டின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார், ஏ சைடு கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்று.

எனக்கு ரொம்பப் பிடித்த சமாச்சாரம் ஸ்டீரியோ விஷயம். ஒரு கேசட் நாடாவில் நான்கு தடங்கள் உண்டு, ஏ சைடுக்கு இரண்டு, பி சைடுக்கு இரண்டு, அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. பழைய சக்கர டேப்பில் ஒரு பக்கத்துக்கு ஒன்றும் மூன்றும், மறுபக்கத்துக்கு இரண்டும் நான்கும் என்று ஒன்றுவிட்டு ஒன்றாக வைத்திருந்தார்கள். கேசட்டில் இடதையும் வலதையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்தார்கள். என்ன பலன் என்றால், ஸ்டீரியோ இல்லாத சாதாரண மெஷினில் நாடாவைத் தொட்டுப் படிக்கிற ஹெட் அந்த இரண்டு தடங்களையும் ஒரே தடமாக நினைத்துச் சேர்த்துப் படித்துவிடும். அன்றைக்கு எங்கள் தெருவில் பாதி வீட்டில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் வைத்த டூ இன் ஒன்தான், ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. ஸ்டீரியோ என்று அட்டையில் போட்ட கேசட்டை அதில் போட்டாலும் இடது பக்கம் வாசித்த வயலினும் கேட்டது, வலது பக்கத் தபேலாவும் கேட்டது. வசதி இல்லாத மெஷின் வைத்திருப்பவருக்கும் பாட்டு முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த யோசனை மீதுதான் எனக்கு மரியாதை.

சரி, வாக்மேனுக்கு வருகிறேன். முதல் வாக்மேனை சோனி 1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள், கூடவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் பாட்டு தணிந்து, உள்ளே இருக்கும் மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழும். தனியாக ஒருத்தர் காதை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியுமே என்ற கவலையில் செய்த ஏற்பாடு. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பட்டன் இல்லை. எனக்கு அது போனதில் வருத்தம்தான். இன்றைக்கு இயர்பட்ஸில் வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற வசதியைப் புதுசு என்று விளம்பரம் செய்கிறபோது அந்த ஆரஞ்சு பட்டனைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

என் வாக்மேன் அது கிடையாது, மேலே கம்பெனிப் பெயரே தேய்ந்துபோன ஒன்று. இரண்டு பேட்டரிக் கட்டை போட்டேன், மோட்டார் முனகியது, சக்கரம் அசையவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் இன்னும் ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். மூடியைக் கழற்றி, குண்டூசியால் உள்ளே தொட்டுக் காட்டினார். "பெல்ட்டு உருகித் தார் மாதிரி ஆயிடுச்சு பாரு." உண்மையிலேயே தார்தான், கறுப்பாக நூல் நூலாக இழுத்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் சக்கரங்களைத் துடைத்தார், ஒரு சோப்பு டப்பாவைத் திறந்து நாலைந்து ரப்பர் பெல்ட்டை விரலில் மாட்டி இழுத்துப் பார்த்து ஒன்றைப் பொருத்தினார். எண்பது ரூபாய். கேசட்டில் நாடாவை இழுப்பது அந்தப் பல் சக்கரங்கள் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர்தான் காட்டினார், ஊசி மாதிரி ஒரு கம்பியும் அதை அழுத்தும் ஒரு ரப்பர் உருளையும்தான் நாடாவைப் பிடித்து ஒரே வேகத்தில் இழுக்கின்றன. பல் சக்கரம் வந்ததைச் சுற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். சுற்றச் சுற்ற உருண்டை பெருத்துக்கொண்டே போகும் இல்லையா, சக்கரமே இழுத்தால் பாட்டின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கேசட்டாகப் போட்டேன். இரண்டில் பூஞ்சை, ஒன்றில் நாடா அறுந்திருந்தது. ஒன்றில் நாடா தளர்ந்து தொங்கியது, பழைய வழக்கப்படி ஆறு பட்டைப் பென்சிலை விட்டுச் சுற்றினேன், உள்ளே ஆறு பல், பென்சிலுக்கு ஆறு முனை, அளந்து செய்த மாதிரி பிடித்துக்கொண்டது. எட்டாவது கேசட் சினிமாப் பாட்டு, கடையில் வாங்கியது. அதன் முதுகில் இடது ஓரத்தில் பழுப்பேறிய செலோ டேப் ஒட்டியிருந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். ரெக்கார்ட் பட்டனை அமுக்கும்போது மெஷினுக்குள் இருக்கும் ஒரு கம்பி அந்த இடத்தைத் தடவிப் பார்க்கும். நாக்கு இருந்தால் பட்டன் இறங்கும். நாக்கை உடைத்துவிட்டால் கம்பி ஓட்டைக்குள் போய்விடும், பட்டன் இறங்காது. பதிந்தது பத்திரம். கரண்ட் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டாம், நகத்தால் நெம்பினால் போதும். அப்புறம் மனசு மாறினால் ஓட்டை மேல் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம். கடையில் விற்ற பாட்டுக் கேசட்டுகள் நாக்கு இல்லாமலேயே வரும். ஆக, இந்தக் கேசட்டில் செலோ டேப் ஒட்டியவர் வேண்டுமென்றேதான் எதையோ பதிந்திருக்கிறார்.

ஏ சைடில் முதல் பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டு பல்லவி முடிந்ததும் "டக்" என்று ஒரு சத்தம். பிறகு ஒரு குழந்தை, ஆறேழு வயது இருக்கும், வாய்ப்பாடு சொல்கிறது. "ஆறு பதினாலு எம்பத்திநாலு, ஏழு பதினாலு தொண்ணூத்தெட்டு, எட்டு பதினாலு..." நின்றுவிட்டது. பின்னால் குக்கர் விசில். தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போகிறார். "நூத்தி..." என்று மெதுவாக ஒரு பெண் குரல் எடுத்துக் கொடுக்கிறது. "நூத்திப் பன்னண்டு!" என்று குழந்தை கத்துகிறது, அந்தச் சந்தோஷத்தில் ஒன்பதைத் தாண்டிப் பத்துக்குப் போய்விடுகிறது, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். மறுபடியும் "டக்". சரணத்தின் நடுவிலிருந்து பாட்டு தொடர்கிறது, ஒன்றுமே நடக்காத மாதிரி.

நான்கு தடவை ரீவைண்டு செய்து கேட்டேன். அம்மாவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் காதில் வைத்தேன். "யாரு வீட்டுப் புள்ளைடா இது" என்று கேட்டுவிட்டு, முடிகிறவரை எடுக்கவே இல்லை.

நம்மைப் பார்த்தபடி இருக்கும் பக்கத்துக்கு உரிய நாக்கு இடது ஓரத்தில் இருப்பது. ஏ சைடை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பழைய செலோ டேப்பை நகத்தால் மெதுவாக உரித்தேன். பசை காய்ந்துபோய்த் தூளாக உதிர்ந்தது. ஓட்டை திறந்துகொண்டது.